பால் நிறச் சொட்டு

எங்கள் மீன் கொட்டகைக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு அருவருப்பு என்பது முதல் வாரத்திலேயே செத்துப்போகும். கணவாய் மீனின் தலையைப் பிடித்து இழுத்தால் குடல் மொத்தமும் ஒரே சரடாக வெளியே வரும், கூடவே மைப் பை. அது உடையாமல் எடுக்க வேண்டும். உடைந்தால் மேசை, கை, மூக்கு எல்லாம் கறுப்பு. பிறகு விரலை உள்ளே விட்டு, கண்ணாடித் தகடு மாதிரி இருக்கும் முள்ளை உருவி, தோலை உரித்து, ஐஸ் தண்ணீரில் போட வேண்டும். காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை நின்றபடியே இதுதான் வேலை. கொடுக்கிற கையுறையைப் போட்டால் கணவாய் வழுக்கும். அதனால் விரல் நுனியை வெட்டிவிட்டுத்தான் எல்லோரும் போட்டுக்கொள்வோம். குளோரின் தண்ணீரில் ஊறி ஊறி எங்கள் விரல்களில் வெடிப்பு இல்லாத இடமே இருக்காது.

மூன்றாம் மேசைக்குத் தலைவி என் பக்கத்து வீட்டு அக்கா. கொட்டகையிலும் தெருவிலும் அவளுக்கு மூணாம் மேசை அக்கா என்றே பெயர். ஐம்பத்தெட்டு வயது, முப்பது வருஷ வேலை. மேசைக்கு அடியில் அழுகின குடல் வாளி நுரைத்துக்கொண்டிருக்கும். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்து டீயில் தோய்த்துச் சாப்பிடுவாள்.

அவள் வீட்டுக்காரர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் அவருக்குக் கடை. எப்போதும் வெள்ளைச் சட்டை. கஞ்சி போட்டு இஸ்திரி செய்த காலர் கழுத்தை அறுக்கிற மாதிரி விறைப்பாக நிற்கும். தெருவில் அவருக்குச் 'சுத்தம்' என்று பெயர். "கொசு கடிச்சாக்கூட, குளிச்சிட்டு வந்துச்சான்னு கேக்குற ஆளு" என்று அக்காவே சொல்லிச் சிரிப்பாள். வேலை முடிந்து வந்தால் அவள் பின்வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் போக வேண்டும். குளித்துத் துணி மாற்றிய பிறகுதான் முன்னறைப் பக்கம் எட்டிப் பார்க்கலாம். அவள் துணிக்குத் தனிக் கொடி. அவள் எடுத்த தம்ளரை மோந்து பார்த்துவிட்டுத்தான் அவர் தண்ணீர் குடிப்பார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு மூலத்துக்கு ஆபரேஷன் செய்தபோது, நாற்பது நாள் அவரை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்து எழுப்பி, புண்ணைத் துடைத்து, மருந்து வைத்துக் கட்டியவள் அவள்தான். அப்போது அவர் யாரையும் மோந்து பார்க்கவில்லை.

அக்காவின் கண்ணில் புரை விழுந்ததை முதலில் கண்டுபிடித்தது கொட்டகை மேற்பார்வையாளர்தான். மூன்றாம் மேசைத் தட்டில் முள்ளை உருவாமல் விட்ட கணவாய் நாலைந்து கிடந்தது.

"என்னக்கா இது, உங்க மேசையிலயா?" என்று தட்டைத் திருப்பித் தள்ளினார்.

"கண்ணாடி மாதிரி இருக்கிற முள்ளு தம்பி. கையிலதான் பாக்குறேன். கண்ணு தெரிஞ்சு ரொம்ப நாளாச்சு" என்றாள்.

இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் முற்றிவிட்டது, அதை முதலில் எடுப்போம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஆபரேஷன் கால் மணி நேரத்தில் முடிந்தது. மறுநாள் காலை கட்டுப் பிரிக்கும்போது நானும் கூட இருந்தேன். நர்ஸ் இரண்டு பாட்டில்களை எடுத்து வைத்தாள்.

"இந்தச் சின்னது ஒரு வாரத்துக்கு மட்டும். சீழ் பிடிக்காம இருக்க. இது வீக்கத்துக்கு. கண்ணுக்குள்ள கத்தி பட்டிருக்குல்ல, அது வீங்கிடாம இருக்கணும். இதை நல்லாக் குலுக்கிட்டுப் போடணும். பால் மாதிரி வெள்ளையா வரும். முதல் வாரம் நாலு தடவை, அடுத்த வாரம் மூணு, அப்புறம் ரெண்டு, கடைசி வாரம் ஒண்ணு. இப்ப நல்லாத்தானே இருக்குன்னு நடுவுல நிறுத்திடக் கூடாது. புரிஞ்சுதா?"

கூடவே கட்டம் போட்ட தாள் ஒன்று. ஒவ்வொரு தடவை போட்டதும் ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். அக்கா தாளை வாங்கக் கையை நீட்டினாள். நர்ஸ் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். வெடிப்புகளுக்குள்ளும் நகத்தடியிலும் மை ஏறிக் கறுத்துக் கிடந்தது.

"என்னம்மா கை இது? இது ஆறுற வரைக்கும் கண்ணுப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. வீட்ல யாரு போட்டுவிடுவாங்க?"

"நான் போட்டுடறேன் சிஸ்டர்" என்று முன்னால் வந்தார் தையல்காரர். "ஊசியில நூல் கோக்குற கை. ஒரு சொட்டு சிந்தாது."

"அப்ப கவலையே இல்ல" என்று நர்ஸ் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். பெருமையாகத்தான் இருந்திருக்கும் அவளுக்கு.

மூன்றாம் நாள் வேலை முடிந்து வரும்போது அவர்கள் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. அக்கா பெஞ்சில் மல்லாந்து படுத்திருந்தாள். அவர் மூக்கைச் சுற்றிக் கைக்குட்டை கட்டிக்கொண்டு, எட்டி நின்று பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தார். செத்த எலியைக் குச்சியால் தள்ளுகிறவன் நிற்பானே, அந்த மாதிரி.

"கண்ணைத் திற."

"திறந்துதாங்க இருக்கேன்."

"எங்க திறந்திருக்க? இமையெல்லாம் ஒட்டிக்கிட்டுக் கிடக்கு. மஞ்சளா என்னமோ... சீ!"

"பஞ்சை நனைச்சுத் துடைச்சுவிடச் சொன்னாங்கல்ல."

"நீயே துடைச்சுக்க."

"என் கை படக் கூடாதே."

"அப்ப ஒழுங்காத் திற. கீழ் இமையை இழுக்கணுமாம் அந்த நர்ஸுக்கு, உள்ள செக்கச் செவேல்னு கறிக்கடை மாதிரி இருக்கு. எனக்குக் குடலைப் புரட்டுது."

சொட்டு விழுந்தது மூக்கின் மேல். அடுத்தது கன்னத்தில். வெள்ளையாக வழிந்து காதுக்குள் ஓடியது.

"நீ சிமிட்டுற. நான் என்ன பண்றது?"

"சரிங்க, இனிமே சிமிட்டாம இருக்கேன்" என்றாள் அக்கா.

எனக்குப் பொறுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியிலிருந்தே, "நான் வேணா போட்டுவிடட்டுமா அண்ணே?" என்றேன்.

"உன்னுதும் அதே கணவாய்க் கைதானே. சிஸ்டர் சொன்னது காதுல விழலையா?" என்று ஜன்னலைச் சாத்தினார்.

என் விரல்களைப் பார்த்துக்கொண்டேன். அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால் சும்மா வந்துவிட்டேன். அப்படி வந்தது இன்றைக்கும் எனக்கு உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

ஒரு வாரம் கழித்துப் பரிசோதனைக்குப் போனார்கள். கொஞ்சம் சிவப்பு இருக்கிறது, வீக்கத்துக்கான மருந்தை விடாமல் போடுங்கள் என்று டாக்டர் சொன்னதாக அக்கா சொன்னாள். அப்புறம் வெயில் கொளுத்த ஆரம்பித்தது. கணவாய் வரத்தும் கூடியது. இரண்டு ஷிப்ட் வேலை. நான் வீட்டுக்கு வந்தால் படுக்கையில் விழுவேன். சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

கடலில் காற்று அதிகம், படகு போகவில்லை என்று ஒருநாள் கொட்டகையை மூடினார்கள். ஆபரேஷன் முடிந்து அன்றோடு பதினெட்டு நாள். அவித்த முட்டை நாலு எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனேன். தையல்காரர் தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தார். பின்னறை ஜன்னலில் போர்வை மாட்டியிருந்தது. பட்டப்பகலில் அக்கா இருட்டுக்குள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா இது, குகை மாதிரி?"

"போர்வையை எடுக்காதடி. வெளிச்சம் பட்டா ஊசியா குத்துது."

"எத்தனை நாளா?"

"அஞ்சாறு நாளா இருக்கும். மண்டையும் சேந்து வலிக்குது. கட்டு பிரிச்ச அன்னைக்கு அந்த நர்ஸ் பொண்ணு காதுல போட்டிருந்த கல்லுத்தோடு வரைக்கும் பளிச்சுனு தெரிஞ்சுதுடி. இப்ப உன் மூஞ்சியே புகைக்குள்ள இருக்கு."

"அவருகிட்டச் சொன்னியா?"

"ரெண்டு தடவை சொன்னேன். ஆபரேஷன்னா அப்படித்தான் இருக்கும், நீ கண்ணைச் சிமிட்டாம இருன்னாரு. நானும் பல்லைக் கடிச்சிக்கிட்டுச் சிமிட்டாமத்தான் இருக்கேன். மருந்து உள்ள போனா இப்பல்லாம் நறநறன்னு இருக்கு. காஞ்சதும் இமையைப் பிடிச்சு இழுக்குது."

போர்வையை ஒரு ஓரமாக விலக்கி, அவள் முகத்தை என் பக்கம் திருப்பினேன். கண் சிவந்து, வெள்ளை விழியே இல்லாத மாதிரி இருந்தது. இமை தடித்திருந்தது. பீளை என்று நினைத்துத்தான் பக்கத்தில் போனேன். பீளை இல்லை. இமை முடிகள் நாலைந்தாகச் சேர்ந்து விறைத்துக் குத்திட்டு நின்றன. கன்னத்தில் ஒரு கோடு காய்ந்து, வெள்ளையாகச் செதில் விட்டிருந்தது. விரலால் தொட்டேன். மொடமொடவென்று உதிர்ந்தது.

அந்த மொடமொடப்பு எனக்குத் தெரியும். தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவர் காலரில் இருப்பது அதுதான்.

அலமாரியில் மருந்து பாட்டில் இருந்தது. குலுக்கி என் புறங்கையில் ஒரு சொட்டு விட்டேன். வெள்ளையாகத்தான் வந்தது. விரலால் தேய்த்தால் பிசுபிசுத்தது. காற்றில் காயவிட்டேன், தோல் இறுகிச் சுருங்கியது. முன்னறைக்குப் போய், இஸ்திரி மேசை மேல் துணிக்குத் தெளிக்கிற புட்டியை எடுத்து இன்னொரு கையில் அடித்துப் பார்த்தேன். அதே வெள்ளை, அதே பிசுபிசுப்பு. வாசனைக்காக அதில் அவர் ஏதோ சென்ட் கலப்பார். அந்த வாசனையும் இரண்டிலும் ஒன்றுதான்.

மேசை மேல் ஆஸ்பத்திரித் தாள் ஊசி குத்தி வைத்திருந்தது. டிக் அடித்திருந்தது, வரிசையாக, அழகாக, தையல் போட்ட மாதிரி ஒரே அளவில். பதினெட்டாம் நாளோடு நிற்கவில்லை. இருபது, இருபத்தைந்து என்று மாதக் கடைசி வரைக்கும் எல்லாக் கட்டத்திலும் டிக். வராத நாளுக்கும் மருந்து போட்டு முடித்துவிட்டிருந்தார்.

எனக்கு வாயில் எச்சில் ஊறிக் குமட்டிக்கொண்டு வந்தது. குடல் வாளியைத் தலையில் கவிழ்த்தால்கூட எனக்கு அப்படி வராது.

"என்னடி அங்க உருட்டுற?" என்று அக்கா கேட்டாள்.

என்ன சொல்வது? பாட்டிலை அவள் மூக்கருகே பிடித்தேன். எந்தத் தட்டுக் கணவாய் நேற்றையது என்று மோந்தே சொல்கிற மூக்கு அது. இரண்டு தடவை இழுத்து மோந்தாள்.

"அவரு சட்டை வாசனை" என்றாள்.

"ஆமாக்கா."

"தினம் வந்துச்சுடி. அவரு குனிஞ்சு போடுறாரு, அதான் சட்டை வாசனை வருதுன்னு நினைச்சேன்."

அதற்குமேல் நான் அங்கே நிற்கவில்லை. தெருமுனையில் வண்டி பிடித்து, அவள் தலையில் ஈரத் துண்டைப் போட்டு மூடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். போகிற வழியில் அவருக்குப் போன் செய்து, "ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கருவிக்குள் அக்காவின் கண்ணைப் பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது.

"உள்ள மொத்தமும் வீங்கியிருக்கு. கொதிச்சுப்போய்க் கிடக்கு. சொட்டு மருந்து போட்டாங்களா இல்லையா?"

பாட்டிலைக் கொடுத்து, தெரிந்ததைச் சொன்னேன். அவள் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். கழுவின கையை மறுபடியும் போய்க் கழுவிவிட்டு வந்தாள். அந்த நேரத்தில்தான் தையல்காரர் உள்ளே வந்தார். வெயிலில் வந்தும் சட்டையில் ஒரு கசங்கல் இல்லை.

"ஒரு மாச மருந்து எப்ப தீர்ந்துச்சு?" என்று டாக்டர் கேட்டாள்.

"பத்து நாள்ல தீர்ந்துடுச்சு டாக்டர். பாதி வெளிய போயிடுச்சு. அவ சிமிட்டுவா."

"தீர்ந்துச்சுன்னா இங்க வந்து கேக்க வேண்டியதுதானே? இல்லேன்னு சொல்லியிருப்போமா?"

"எப்படித் தீர்ந்துச்சுன்னு கேப்பீங்களேன்னுதான்..."

"அதுக்கு?"

"ரெண்டு நாள் தண்ணி போட்டேன். இவ சும்மா இல்லாம, என்னங்க வெள்ளையா வரலையே, சிஸ்டர் பால் மாதிரி வரும்னு சொன்னாங்களேன்னு கேட்டா. கண்ணு தெரியாதவளுக்கு அது மட்டும் எப்படித் தெரிஞ்சுதோ. அதான், கொஞ்சமா... துணிக்குப் போடுற கஞ்சியைக் கலந்தேன்."

டாக்டர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். இவர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டார் போலிருக்கிறது.

"சுத்தமான தண்ணி டாக்டர்" என்றார். "கொதிக்க வெச்சு, ஆற வெச்சு, வடிகட்டிதான் போட்டேன். அதுலல்லாம் நான் ரொம்பக் கவனம்."

"வெளியில இருக்கிற வெட்டுக் காயம் மூடியிருந்ததால இதோட போச்சு. இல்லேன்னா கண்ணே அழுகியிருக்கும். தெரியுமா உங்களுக்கு?"

"அந்தப் பீளையும் சிவப்பும் பாத்தா எனக்கு அருவருப்பா இருந்துச்சு டாக்டர். சோறு இறங்கல. சின்ன வயசுலேருந்தே என் சுபாவம் அப்படி. இவளுக்கு அது தெரியும்."

அவர் அதைச் சொல்லிவிட்டு ஆறுதலுக்கு ஆள் தேடுகிற மாதிரி அக்காவைப் பார்த்தார். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"இவரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுடி. எனக்குக் குமட்டுது."

சொல்லி முடிப்பதற்குள் அடிவயிற்றிலிருந்து ஓங்கரித்துக்கொண்டு வந்தது அவளுக்கு. பக்கத்திலிருந்த இரும்புத் தட்டை எடுத்து நீட்டினேன். காலையில் சாப்பிட்ட ரொட்டியும் டீயும் வெறும் பித்தமுமாக, ஒன்றும் மிச்சமில்லாமல் எடுத்தாள். தையல்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். மணிக்கொரு தடவை பால் நிறச் சொட்டு. நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது, இனி புதுக் கையுறை போட்டுக்கொண்டாவது நான்தான் போட்டுவிடுவேன் என்று நர்ஸிடம் சொன்னேன். அக்கா குறுக்கிட்டாள்.

"நீயும் வேணாம். இந்தாங்க சிஸ்டர், என் கையைப் பாருங்க."

மூன்று வாரமாகக் குளோரின் படாத கை. வெடிப்பெல்லாம் மூடியிருந்தது. நகத்தடியில் மட்டும் கொஞ்சம் கறுப்பு. நர்ஸ் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, கண்ணாடி முன்னால் உட்கார வைத்தாள். அக்கா தலையைச் சாய்த்து, கீழ் இமையை ஒரு விரலால் இழுத்து, பாட்டிலைப் பிடித்தாள். ஒரே ஒரு சொட்டு. நடுவில் போய் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தில் எதுவும் வழியவில்லை.

"அடேயப்பா!" என்றாள் நர்ஸ்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் அவளே போட்டுக்கொண்டாள். வீக்கம் வடிந்தது, வலி போனது, வெளிச்சம் பொறுத்தது. ஆனால் பார்வைக்கு நடுவில் பெருவிரல் ரேகை பட்ட கண்ணாடி மாதிரி ஒரு மங்கல் தங்கிவிட்டது. கண்ணுக்குப் பின்னால் இருக்கிற திரையில் தண்ணீர் கோர்த்ததால் வந்தது, முழுக்கப் போகும் என்று சொல்ல முடியாது என்றார்கள். "ஒருத்தர் மூஞ்சியை நேராப் பாத்தா மூக்கு இருக்காதுடி. நம்ம மேற்பார்வையாளருக்கு அது நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தாள்.

வீட்டில் அவள் சண்டை போடவில்லை. நான் எதிர்பார்த்தேன்; தெருவே எதிர்பார்த்தது. அவள் தனக்கு மட்டும் சமைத்தாள், தனக்கு மட்டும் துவைத்தாள். "எனக்குச் சோறு?" என்று அவர் கேட்டது சுவர் தாண்டி எனக்குக் கேட்டது. "உங்களுக்குச் சமைக்க நினைச்சாலே ஓங்கரிக்குதுங்க. நான் என்ன பண்ண?" என்றாள். கோபமே இல்லாத குரல். கெட்டுப்போன பண்டத்தைத் தள்ளி வைக்கிறவள் குரல்.

வேலைக்குத் திரும்பின முதல் நாள், இரண்டு மணிக்கு இருவரும் சேர்ந்துதான் வந்தோம். அக்கா பின்வாசலுக்குத் திரும்பவில்லை. ஏப்ரனோடும் ரப்பர் பூட்ஸோடும் முன்வாசல் வழியாக ஏறிக் கடைக்குள் போனாள். உள்ளே ஒரு பெண் அளவு கொடுத்துக்கொண்டிருந்தாள். தையல்காரர் நாடாவைக் கீழே போட்டுவிட்டு, "ஏய், ஏய், எங்க வர்ற?" என்று பதறினார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, நிதானமாகப் பூட்ஸைக் கழற்றினாள். கணவாய்த் தண்ணீர் சிமெண்ட் தரையில் கறுப்பாக ஓடி, வெட்டிப் போட்டிருந்த வெள்ளைத் துணியின் ஓரத்தைத் தொட்டது. அளவு கொடுக்க வந்தவள் மூக்கைப் பொத்தவில்லை. அவள் தங்கச்சி எங்கள் கொட்டகையில் ஐந்தாம் மேசை. "கண்ணு எப்படி இருக்குக்கா?" என்று விசாரித்தாள். அவ்வளவு நாளும் தெருவுக்கு எல்லாமே தெரிந்துதான் இருந்தது.

மழைக்காலம் வந்ததும் இடது கண்ணுக்கு நாள் கொடுத்தார்கள். நானும் அக்காவும் ஒரே குடையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கூப்பிடாமலே பின்னால் அவரும் வந்தார், வெள்ளைச் சட்டையும் தனிக் குடையுமாக, சேற்றைத் தாண்டித் தாண்டி. பதிவு மேசையில் இருந்த பெண் படிவத்தை எடுத்து வைத்து, பெயர், வயது, தொழில் எல்லாம் கேட்டு எழுதினாள். பிறகு பேனாவால் அவரைக் காட்டினாள்.

"கூட வந்திருக்கிறவரு உங்களுக்கு என்ன உறவு?"

"அவரா?" என்றாள் அக்கா. திரும்பிப் பார்க்கவில்லை. "எங்க தெரு தையல்காரர்."

"உறவு கேட்டேம்மா."

"அதான்மா சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் தோளைக் குலுக்கிவிட்டு, உறவு என்று போட்டிருந்த கட்டத்தில் ஒரு கோடு இழுத்து, படிவத்தை அக்காவிடம் நகர்த்தினாள்.

அக்கா தன் கையெழுத்தைப் போட்டாள்.